இது தண்ணீர் டேங்க் அல்ல

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியது. வர முடியாதவர்கள் கேட்டதால் எழுத்தில் தருகிறோம்.)



முதலில் ஒரு மன்னிப்பு. "ஞாயிறு மாலை டேங்க் பற்றிப் பேச்சு" என்று நம் வாட்ஸ்அப் குழுவில் செயலாளர் போட்டுவிட்டார். அதைப் பார்த்து, மேல்நிலைத் தொட்டியில் ஏன் தண்ணீர் ஏறவில்லை என்று கேட்க நாலு பேர் வந்திருக்கிறீர்கள். அதற்கு நான் பொறுப்பு இல்லை; கூட்டம் முடிந்ததும் செயலாளரைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஆனால் உங்கள் மேலும் தப்பில்லை. போர் வண்டிக்கு அந்தப் பெயர் வந்ததே தண்ணீர்த் தொட்டியிலிருந்துதான். முதல் உலகப் போரின்போது பிரிட்டிஷ்காரர்கள் இதை ரகசியமாகச் செய்துகொண்டிருந்தார்கள். இது என்ன என்று கேட்டவர்களுக்குத் தண்ணீர்த் தொட்டி என்று சொல்லி வைத்தார்கள். 1916 செப்டம்பர் 15ஆம் தேதி பிரான்சில் சோம் போர்க்களத்தில் வண்டி முதன்முதலாக இறங்கியது. ரகசியம் போய்விட்டது, பெயர் மட்டும் நின்றுவிட்டது.

இந்த மேசையில் இருப்பதுதான் நான் செய்த டாங்கி. நீளம் பீப்பாயோடு சேர்த்து 27 சென்டிமீட்டர், அகலம் 10, உயரம் ஆறரை கூட இல்லை. டி-72 என்பது இதன் பெயர். சோவியத் நாட்டு வண்டி. 1970களின் கடைசியில் நம் ராணுவம் வாங்க ஆரம்பித்து, பிறகு நம் ஆவடியிலேயே செய்தார்கள். 1965 முதல் விஜயந்தா டாங்கி செய்துவந்த அதே கனரக வாகனத் தொழிற்சாலைதான். ஆவடியில் பிறந்த டி-72க்கு அஜெயா என்று பெயர். அர்ஜுன் டாங்கியை வடிவமைத்ததும் ஆவடியில்தான். ஏன் அர்ஜுனைச் செய்யவில்லை என்று இங்கே ஒரு தம்பி கேட்டார். நியாயமான கேள்வி. என் அண்ணன் ஓட்டியது டி-72, அதனால் இது.

அண்ணன் முன் வரிசையில் கறுப்புக் கண்ணாடி போட்டு உட்கார்ந்திருக்கிறார். தன் பெயரையோ ரெஜிமென்ட் பெயரையோ சொல்லக்கூடாது என்று கட்டளை. டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். சர்க்கரை நோயில் ஒரு கண் முழுதாகப் போய்விட்டது, இன்னொன்றில் நிழலாட்டம்தான். ஊருக்குத் திரும்பி இத்தனை வருஷமாகியும் பட்டாளத்தைப் பற்றி எங்களிடம் பேசியதே கிடையாது. "அங்க சூடு, இங்கயும் சூடு" என்பார். அதோடு சரி.

நான் தபால் துறையில் இருந்தவன். ஓய்வு பெற்றபின் கை சும்மா இருக்காது. மகன் சென்னையிலிருந்து ஒரு பெட்டி வாங்கி அனுப்பினான், ஜப்பானின் தமியா கம்பெனி செய்தது. உள்ளே சட்டம் சட்டமாகப் பிளாஸ்டிக் துண்டுகள். ஒவ்வொன்றையும் வெட்டி எடுத்து, பிசிறை உரசி, ஒட்ட வேண்டும். அளவு 1:35, அதாவது நிஜ வண்டியின் முப்பத்தைந்தில் ஒரு பங்கு. ஏன் முப்பத்தைந்து, முப்பதோ நாற்பதோ என்று வைத்தால் கணக்குப் போட எளிதாக இருக்குமே என்று எனக்கும் தோன்றியது. அது ஒரு வேடிக்கை. 1961இல் அந்தக் கம்பெனி ஜெர்மன் பேந்தர் டாங்கியின் பொம்மையை மோட்டாரோடு செய்தது. மோட்டாரும் பேட்டரியும் உள்ளே அடங்க எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டுமோ அவ்வளவு பெரிதாகச் செய்தார்கள். பிறகு அளந்து பார்த்தால் ஏறக்குறைய 1:35 வந்தது. இன்றைக்கு உலகம் முழுக்க டாங்கி மாடல் செய்கிறவர்கள் அந்த பேட்டரி வைத்த கணக்கில்தான் போகிறார்கள்.

பிள்ளைகளே, உங்களுக்கு ஒரு கணக்கு. நிஜ டி-72 எடை சுமார் 41.5 டன். அளவு 35 மடங்கு குறைந்தால் எடையும் 35 மடங்கு குறையுமா? இல்லை. நீளம், அகலம், உயரம் மூன்றும் குறைகிறதே. 35ஐ மூன்று முறை பெருக்கினால் 42,875. அதால் வகுத்தால் 968 கிராம் வருகிறது. நான் பலசரக்குக் கடைத் தராசில் வைத்துப் பார்த்தேன், என்னுடையது அதில் பாதிகூட இல்லை. உருக்கும் எஞ்சினும் இல்லாத வெறும் கூடு. கடைக்காரர் "அண்ணாச்சி, கிலோ என்ன விலை?" என்று கேட்டார்.

ஒட்டுகிற வேலையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. பொறுமை இருந்தால் யாருக்கும் வரும். பக்கத்துக்கு ஆறு சக்கரம், மொத்தம் பன்னிரண்டு. பின்னால் இரண்டு டீசல் பீப்பாய், நிஜத்தில் ஒவ்வொன்றும் 200 லிட்டர். அதன் கீழே ஒரு மரக்கட்டை குறுக்காகக் கட்டியிருக்கும். வண்டி சேற்றில் மாட்டினால் அந்தக் கட்டையைச் செயினோடு சேர்த்துக் கட்டி, அதன் மேலேயே ஏறி வெளியே வருவார்கள். நம் மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு அடியில் கல் போடுகிறோமே, அந்த யோசனைதான். பெட்டியில் வந்தது பிளாஸ்டிக் கட்டை. அதை எறிந்துவிட்டு வாய்க்கால் ஓரத்துச் சீமைக் கருவேலங் குச்சி ஒன்றைக் காயவைத்து வைத்தேன். இழுவைக் கம்பிக்குப் பழைய மின்விசிறி காயிலின் தாமிரக் கம்பியை முறுக்கிக்கொண்டேன்.

சின்னத் தப்பு ஒன்று நடந்தது. கார் பெயின்டில் கலக்கும் தின்னரால் ஒரு சக்கரத்தைத் துடைத்தேன். கண் முன்னாலேயே சக்கரம் பழையசோறு மாதிரி குழைந்துவிட்டது. அந்தச் சக்கரத்தை வலது பக்கம் கடைசியில், சேறு அப்பி மறைத்து வைத்திருக்கிறேன். தேடிக் கண்டுபிடிப்பவருக்கு ஒரு டீ.

பெயின்ட் அடிப்பதற்கு வருகிறேன். எல்லாரும் இங்கேதான் தவறுகிறோம், நானும் தவறினேன். முதல் தடவை வீட்டுக் கதவுக்கு அடிப்பது மாதிரி பட்டையாக எனாமலைப் பூசிவிட்டேன். பளபளவென்று இருந்தது. ஆனால் போல்ட்டு, வெல்டிங் தழும்பு, கைப்பிடி எல்லாம் பெயின்டுக்குள் முழுகிவிட்டன. கணக்குப் பாருங்கள்: பெயின்ட் கால் மில்லிமீட்டர் கனம் ஏறினால், நிஜ வண்டியில் அது 9 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம்தான் குறைவு. அவ்வளவு கனத்துக்குச் சுவரில் சிமென்ட்தான் பூசுவார்கள். பிரேக் ஆயிலில் இரண்டு நாள் ஊறவைத்து, பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்து எல்லாவற்றையும் எடுத்தேன். பிள்ளைகள் இதைத் தனியாகச் செய்யாதீர்கள், கையையும் கண்ணையும் எரிக்கும்.

இரண்டாவது தடவை தண்ணீரில் கரையும் அக்ரிலிக். மோர் பதத்துக்குக் கரைத்து, ஒரு கோட் காய்ந்தபின் அடுத்த கோட் என்று நாலு தடவை. முதல் கோட் அடித்ததும் பார்த்தால் வெள்ளாவி போட்ட துணி மாதிரி திட்டுத்திட்டாக இருக்கும், பயப்படக்கூடாது. அடியில் பச்சை, அதன் மேல் மணல் நிறத்தில் அலை அலையான திட்டுகள். நிறத்தையும் நிஜ வண்டியில் இருப்பதைவிட ஒரு பங்கு வெளிற வைக்க வேண்டும். டப்பாவில் இருக்கும் பச்சையை அப்படியே அடித்தால் மாடல் கறுத்துப் போகும். தூரத்துத் தேவன்குறிச்சி மலையைப் பாருங்கள். கிட்டப் போனால் தெரிகிற நிறமா இங்கிருந்து தெரிகிறது? சின்ன வண்டியைப் பார்ப்பதும் தூரத்திலிருந்து பார்ப்பது மாதிரிதான்.

அதன்பிறகுதான் அழுக்காக்குவது. பழுப்பு ஆயில் கலரை டர்பன்டைனில் நீர்க்கக் கரைத்து, போல்ட்டுகளைச் சுற்றியும் இடுக்குகளிலும் ஒரு சொட்டு விட்டால், அதுவே ஓடி ஓரங்களில் நிற்கும். வண்டிக்குத் திடீரென்று வயதாகிவிடும். செயின் பற்களில் பென்சில் முனையை உரசினால் தரையில் தேய்ந்த இரும்பின் மினுக்கம் வரும். கடைசியில் தூசி. தூசிக்குக் கடையில் பொடி விற்கிறார்கள், சின்ன டப்பாவுக்கு நான் கொடுக்கத் தயாராக இல்லாத விலை. நம் காட்டில் மண்ணுக்கா பஞ்சம்? வரப்போரத்துக் கரிசலை அள்ளி, இடித்து, வேட்டித் துணியில் சலித்து, அடிப்பகுதியிலும் செயினிலும் பின்பக்கத்திலும் தூவினேன். கீழே வைக்கும் பலகைக்கும் அதே கரிசலை ஃபெவிகால் தண்ணீரில் குழைத்துப் பூசினேன்.

காலையில் எழுந்து பார்த்தால் பலகை முழுக்க வெடிப்பு. கரிசல் நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். விவசாயி மகனுக்கு இது தெரியாதா என்று நீங்கள் சிரிக்கலாம். அளந்து பார்த்தேன். பெரிய வெடிப்பு 3 மில்லிமீட்டர். முப்பத்தைந்தால் பெருக்கினால் பத்து சென்டிமீட்டருக்கு மேல். சித்திரை மாதத்தில் நம் காட்டில் கை நுழைகிற வெடிப்பு எவ்வளவோ, கிட்டத்தட்ட அவ்வளவு. சரி, அளவு சரியாகத்தான் இருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

இதற்கிடையில் நம் சங்கத்துப் பெரியவர் ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். காந்திநிகேதன் ஆசிரமத்தோடு பழக்கம் உள்ளவர். மேசையைப் பார்த்தார். "ஜே. சி. குமரப்பா கடைசிக் காலத்தை வந்து கழித்த ஊர்ப்பா இது. இங்க உட்கார்ந்து பீரங்கி பண்ணிட்டிருக்கியே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, வருத்தமாகச் சொன்னார். குமரப்பா காலமானது 1960 ஜனவரி 30, காந்தியடிகள் மறைந்த அதே தேதி. கிராமக் கைத்தொழிலுக்காகவே வாழ்ந்தவர். நான், இதுவும் கைத்தொழில்தானே ஐயா என்று சமாளித்தேன். அது பதில் இல்லை என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவர் போனபின் மாடலை ஒரு வாரம் துணி போட்டு மூடி வைத்திருந்தேன்.

அந்த வாரத்தில்தான் அண்ணன் வந்தார். துணிக்கடியில் என்ன என்று கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "கையில குடு" என்றார்.

எனக்கு வயிற்றைக் கலக்கியது. தூசி கையோடு வந்துவிடும், கைப்பிடிகள் தலைமுடி கனம், ஒடிந்துவிடும். ஆனாலும் கொடுத்தேன். மடியில் வைத்துக்கொண்டு விரல் நுனியால் முன்னாலிருந்து தடவ ஆரம்பித்தார். முன் சரிவில் தண்ணீர் தெறிக்காமல் இருக்க ஒரு வளைந்த தடுப்பு உண்டு, அதில் விரல் நின்றது. சக்கரங்களை எண்ணினார். இடது பக்கப் புகைபோக்கி வாயைத் தொட்டுவிட்டுக் கையைச் சட்டென்று எடுத்துக்கொண்டார், சுட்டுவிட்டது போல. பின்னால் கருவேலங் குச்சியைத் தொட்டுச் சிரித்தார். "இது நெசக் கட்டையாக்கும்."

"செயினை ஏண்டா இப்படி சைக்கிள் செயின் மாதிரி இழுத்துக் கட்டியிருக்க? மேல் பக்கம் கொஞ்சம் தொங்கணும்" என்றார். திருத்திவிட்டேன். இப்போது பாருங்கள், தொங்கும்.

அப்புறம் விரல் டிரைவர் மூடிக்கு வந்தது. டி-72இல் டிரைவர் வண்டியின் நட்ட நடுவில், முன்னால் கீழே உட்காருவார். மேலே சுழலும் கோபுரத்தில் வலது பக்கம் கமாண்டர், இடது பக்கம் கன்னர். மொத்தமே மூன்று பேர். குண்டை எடுத்துக் கொடுக்க நாலாவது ஆள் கிடையாது. 22 குண்டுகளை வட்டமாக அடுக்கிவைத்து இயந்திரமே எடுத்துக் கொடுக்கும். நான் டிரைவர் மூடியைத் திறந்துவைத்து, 47 மில்லிமீட்டர் உயரத்தில் ஒரு பொம்மை ஆளை மார்பளவுக்கு நிற்கிற மாதிரி வைத்திருந்தேன். அண்ணன் நிஜத்தில் ஐந்தடி ஐந்தங்குலம், அந்தக் கணக்கு. பீப்பாயை நேர் முன்னால், நன்றாகத் தாழ்த்தி ஒட்டியிருந்தேன். பெட்டியின் மேல் இருந்த படத்தைவிடக் கம்பீரமாக இருக்கிறது என்று எனக்குள் பெருமை.

அண்ணன் பொம்மையின் தலையைத் தொட்டார். அதற்கு மேலே போன விரல் பீப்பாயில் இடித்தது. இரண்டையும் மாற்றி மாற்றித் தொட்டார்.

"தம்பி, இவன் எப்படிடா வெளிய வருவான்?"

எனக்குப் புரியவில்லை.

"பீப்பாய் தலைக்கு மேல இறங்கி நிக்குது. வண்டி தீப்பிடிச்சா இவன் எப்படி வருவான்? மேல இருக்கிற ரெண்டு பேரும் அவனவன் மூடியத் திறந்து குதிச்சிருவான். கோபுரம் இப்படி நின்னுபோச்சுன்னா இவனுக்கு வழி இல்ல. அடியில ஒரு மூடி இருக்கு, சீட்டுக்குப் பின்னால. வண்டி மண்ணுல உக்காந்துட்டா அதுவும் இல்ல."

அன்றைக்கு இரண்டு மணி நேரம் பேசினார். இரண்டு கைக்கும் இரண்டு லீவர். முன்னால் போக ஏழு கியர், பின்னால் வர ஒன்றே ஒன்று, அதில் நாம் நடக்கிற வேகம்கூட வராது. 780 குதிரைத்திறன் எஞ்சின் முதுகுக்குப் பின்னால் உறுமும்போது மேலே இருப்பவன் சொல்வது ஹெட்போன் இருந்தாலும் பாதிதான் கேட்கும். கோடையில் ராஜஸ்தான் வெயிலில் மேல்தகட்டில் வெறும் கை வைக்க முடியாது. செயின் அறுந்தால் மூன்று பேர்தான் மாட்ட வேண்டும், நாலாவது ஆளை அந்த இயந்திரம் தின்றுவிட்டது என்பார். ஒவ்வொரு தடவை உள்ளே இறங்கும்போதும் மேலே நிமிர்ந்து பீப்பாய் எங்கே நிற்கிறது என்று ஒருமுறை பார்ப்பாராம். பட்டாளத்தில் யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை, தானாக வந்த பழக்கம். ஊருக்கு வந்து பல வருஷம் கழித்தும், காலையில் வாசலில் கால் வைக்கும்போது அண்ணன் ஏன் ஒரு தரம் அண்ணாந்து பார்க்கிறார் என்று என் மதினிக்குப் புரிந்ததே இல்லை. மழை வருமா என்று பார்க்கிறார் என்றே நினைத்திருக்கிறார்.

மறுநாள் கோபுரத்தை உடைத்து எடுத்தேன். ஒட்டிய இடம் சில்லுச் சில்லாகப் போனது. இரண்டு வாரம் திரும்ப வேலை. இப்போது கோபுரம் வலது பக்கம் திரும்பியிருப்பதைப் பாருங்கள். கண்காட்சியில் வைத்தால், பீப்பாய் நேராக இல்லையே என்று சொல்வார்கள். சொல்லட்டும். மூடிக்கு மேலே வானம் இருக்கிறது.

இன்னொன்றும் அண்ணன் சொல்லித்தான் செய்தேன். பெயின்ட் தேய்ந்த இடங்களை நான் அழகுக்காக ஓரமெல்லாம் வைத்திருந்தேன். "நாங்க எங்க கால வச்சு ஏறுவோமோ அங்கதாண்டா தேயும்" என்று என் விரலைப் பிடித்து வைத்துக் காட்டினார். பச்சை போய் இரும்பு தெரிகிற அந்த மூன்று நாலு இடமும் அவர் கால் பட்ட இடங்கள்.

குமரப்பா விஷயத்தைப் பெரியவர் கேட்டதையும் அண்ணனிடம் சொன்னேன். யோசித்துவிட்டு, "என் கையில இருந்தது ரெண்டு லீவர்தான்னு அவர்கிட்ட சொல்லு" என்றார். சொன்னேன். பெரியவர், "அதுவும் சரிதான். ஆனா லீவர் இல்லாம பீரங்கி அங்க போயிருக்காதே" என்றார். இருவரும் இன்றைக்கு ஒரே வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களே பேசிக்கொள்ளட்டும், நான் நடுவில் வரவில்லை.

கடைசியாக அந்த மண். வேலை முடிந்து அண்ணன் மடியில் திரும்ப வைத்தபோது, அடிப்பக்கத்தைத் தடவிய விரலைக் கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்துப் பார்த்தார். "இது நம்ம கரிசல்" என்றார். அங்கே இருக்கும் மணல் விரலில் நறநறவென்று இருக்கும், இது மாவு மாதிரி ஒட்டுகிறது. கண் தெரியாதவரை ஏமாற்றிவிடலாம் என்று நான் நினைத்திருந்தால் அங்கேயே மாட்டியிருப்பேன். மாற்றிவிடவா அண்ணே என்று கேட்டேன். நிஜப் பாலைவன மணலைக் கொண்டுவந்து தூவினாலும் சரியாக வராது. கால் மில்லிமீட்டர் மணல் இந்த அளவில் 9 மில்லிமீட்டர் சல்லியாகிவிடும். கரிசல் மாவாக இருப்பதால்தான் தூசி மாதிரி தெரிகிறது. நிறம்தான் தப்பு. வெளிர் மஞ்சள் பொடி வாங்கி மேலே தூவிவிடலாம்.

"வேணாம்டா. வண்டி ஊருக்கு வந்திருக்குன்னு இருக்கட்டும்."

அதனால்தான் ராஜஸ்தான் பெயின்ட் அடித்த இந்த வண்டி கரிசலில் நிற்கிறது. விவரம் தெரிந்த யாராவது தப்பு என்று சொன்னால், ஆமாம் என்று ஒப்புக்கொள்வேன்.

அடுத்த மாதம் முழுக்க மாடல் சங்க அலுவலக அலமாரியில் இருக்கும். கண்ணாடி போடவில்லை, தொட்டுப் பார்க்கலாம். கையைக் கழுவிக்கொண்டு வாருங்கள். பீப்பாயைப் பிடித்துத் தூக்காதீர்கள். அடியில் இரண்டு கையையும் கொடுத்துத் தூக்குங்கள். மாடல் செய்யக் கற்றுக்கொள்ள நினைக்கும் பிள்ளைகள் செயலாளரிடம் பெயர் கொடுங்கள், ஞாயிறு காலை பத்து மணிக்கு என் வீட்டுத் திண்ணை. டாங்கிதான் செய்ய வேண்டும் என்று இல்லை, டிராக்டரும் செய்யலாம். தண்ணீர் டேங்க் பற்றிக் கேட்க வந்தவர்கள் இனிக் கேட்கலாம்.